அப்நார்மல் ஒட்டிய கதவுகள்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவாள். யாரையும் அடிப்பதற்கில்லை, ஓடுவதற்கு. அம்மா ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டால் போதும், வாசலில் செருப்பு கிடக்கும், ஆள் இருக்கமாட்டாள். ஊர் எல்லையில் இருந்த செங்கல் சூளைவரை ஓடிப்போய், அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வாள். அப்பா கொத்தனார். "இவ கோபத்தை மோட்டார்ல மாட்டினா தண்ணி மாடி வரைக்கும் ஏறும்" என்பார். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் முதலில் ஏறிய சான்றிதழ் அக்காவுடையது. எண்ணூறு மீட்டர் ஓட்டம், முதலிடம். என் பட்டத்தை மாட்டுவதற்காக அப்பா அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தப் போனார். "கை வைங்க பாக்கலாம்" என்றாள். அவர் கை வைக்கவில்லை. என் பட்டம் இன்றைக்கும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. கதவைச் சாத்தினால் நான் பட்டதாரி என்பது தெரியவரும்.

பள்ளி முடிக்கும் முன்பே அவளை நகரத்து விளையாட்டு விடுதிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மைதானத்துக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும் கட்டிடம். ஒரே நடைவழி, இரண்டு பக்கமும் கதவுகள், எந்தக் கதவைத் திறந்தாலும் தைல வாடையும் காயாத பனியன் வாடையும் மூக்கில் ஏறும். அங்கே அவளுக்கு வைத்த பெயர் சுள்ளி. ஒல்லி, சட்டென்று பற்றிக்கொள்வாள், இரண்டுக்கும் சேர்த்து. அவளுடைய அறைத்தோழி குண்டு எறிபவள். அவளை எல்லோரும் குண்டு என்றே கூப்பிட்டார்கள். எறிகிற பொருளைச் சொல்கிறார்களா எறிகிற ஆளைச் சொல்கிறார்களா என்று அவளும் கேட்கவில்லை, யாரும் விளக்கவும் இல்லை. பயிற்சியாளரை மாஸ்டர் என்றார்கள்.

மாஸ்டர் அங்கே ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தார். காலையில் கண் விழித்ததும், கட்டிலைவிட்டு இறங்கும் முன், ஒவ்வொருத்தியும் தன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணவேண்டும். நன்றாகப் பயிற்சி எடுத்த உடம்பில் இதயம் அவசரப்படாமல் அடிக்கும். யாருடையது எல்லோரையும்விட மெதுவோ அவளுக்குத்தான் அன்றைக்கு முதல் குளியல். "நாடி தடதடன்னு ஓடுச்சுன்னா நீ ஓடலைன்னு அர்த்தம். அது ஓடக்கூடாது, நீதான் ஓடணும்" என்பார். சுள்ளி பெரும்பாலும் முதலில் குளித்தாள்.

அந்த வருடம் தேர்வு ஓட்டம் வந்தது. முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவளுக்கு அரசுத் துறையில் நிரந்தர வேலை. அக்கா வென்றுவிடுவாள் என்பதில் அந்த மைதானத்தில் யாருக்கும் சந்தேகமில்லை, அவளோடு ஓடுகிறவர்கள் உட்பட. ஆனால் ஓடுவதற்கு முன் எல்லோருக்கும் இதயத்தை ஈசிஜி எடுத்துப் பார்க்கவேண்டும் என்று விளையாட்டுச் சங்கத்திலிருந்து உத்தரவு. வேறெங்கோ ஒரு பையன் மைதானத்திலேயே விழுந்து செத்துப்போனானாம். அதிலிருந்து இந்தக் கட்டாயம்.

முகாம் விடுதிக் கூடத்தில் நடந்தது. டேபிள் டென்னிஸ் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, திரை கட்டி, பெண்களைப் படுக்கவைத்து, மார்பிலும் கை கால்களிலும் கம்பிகளை ஒட்டி எடுத்தார்கள். பெட்டி மாதிரி இருந்த இயந்திரம் கோடு போட்ட தாளைத் துப்பியது. தாளின் தலையில் இயந்திரமே தன் தீர்ப்பை அச்சடித்துவிடும். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வந்த தீர்ப்பு, அப்நார்மல்.

முதலில் வாங்கியவள் உட்கார்ந்து அழுதாள். மாஸ்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த மெஷினைச் செஞ்சவன் நாற்காலில உட்கார்ந்து செஞ்சிருக்கான். உட்கார்ந்தே இருக்கறவன் நெஞ்சுதான் அதுக்கு நார்மல். ஓடற நெஞ்சு பெருசா இருக்கும், மெதுவா அடிக்கும். மெஷின் அதைப் பார்த்ததில்ல, பயப்படுது. அப்நார்மல்னா நீ ஓட்டக்காரின்னு அர்த்தம், போடி."

அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று மாலையே அவள் தனக்குக் கொடுத்த பிரதியைத் தன் அறைக் கதவில் ஒட்டினாள். மறுநாள் நடைவழி முழுக்க அப்நார்மல். நார்மல் என்று வாங்கியவர்கள்தான் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். "நீ எல்லாம் வங்கிப் பரீட்சை எழுதுடி" என்று கேலி செய்தார்கள். அக்காவின் தாளில் மற்றவர்களுக்கு இருந்ததைவிட ஒரு வரி அதிகம். மற்றவர்களுக்கு ஒரு வரி அப்நார்மல், இவளுக்கு இரண்டு வரி. கதவின் நடுவில் ஒட்டி, சிவப்புப் பேனாவால் மூலையில் ஒரு நட்சத்திரமும் போட்டுவைத்தாள்.

அன்றைக்கே எனக்குப் போன். அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம்.

"டேய் பட்டதாரி, எனக்கு ரெண்டு வரி அப்நார்மல்டா."

"அப்நார்மல்னா கோளாறுன்னு அர்த்தம்க்கா."

"உனக்கு அகராதி தெரியும், எனக்கு ஓட்டம் தெரியும். போனை வை."

அசல் தாள்களை எல்லாம் ஒரே கட்டாக அடுக்கினார்கள். கட்டுவதற்குக் கயிறு கிடைக்காமல் குண்டு தன் பழைய ஷூவிலிருந்து பச்சை நாடாவை உருவிக் கட்டிக் கொடுத்தாள். கட்டு சங்கத்து அலுவலகத்துக்குப் போனது. சில நாளில் பதிலும் வந்தது. சங்கத்தின் மருத்துவர் பார்த்துவிட்டார், அனைவரும் ஓடத் தகுதி.

அதற்குப் பிறகு ஒரு முன்னோட்டப் போட்டி நடந்தது. நானும் பார்க்கப் போயிருந்தேன். பயிற்சியில் எப்போதும் விசில்தான். போட்டியில் மட்டும் துப்பாக்கி. அக்கா அந்தத் துப்பாக்கிக்கு எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள், ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்குத் துப்பாக்கி வெடித்தது, மற்றவர்கள் பறந்தார்கள், அவள் மட்டும் நின்றாள். முதுகுக்குப் பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டவள் போல ஒரு கணம் நின்றாள். பிறகு மடிந்து விழுந்தாள்.

"கால் தடுக்கிடுச்சு" என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். "சாப்பிட்டிருக்கமாட்டா" என்றார் அதற்கும் பக்கத்தில் இருந்தவர். தண்ணீர் பாட்டிலோடு நான் வேலியைத் தாண்டி ஓடுவதற்குள் அவளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் மூச்சிரைக்க வந்தார்.

"என்ன நாடகம் இது?"

அக்கா ஒரு கால் ஷூவைக் கழற்றி வேலிமேல் வீசினாள். வேலியோடு சண்டை, தரையோடு சண்டை, விழுந்த உடம்போடு சண்டை. மத்தியானம் இன்னொரு சுற்றில் ஓட விடச்சொல்லி நடுவர்களோடும் சண்டை போட்டு, ஓடி, முதலாவதாகவும் வந்தாள். அதோடு எல்லோருடைய வாயும் அடைபட்டது. விழுந்தவள் ஜெயித்துவிட்டால் விழுந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

விடுதி நடைவழியில் புதிதாக ஒரு மின்சார மணி மாட்டினார்கள். அக்காவின் கதவுக்கு நேர் மேலே. மறுநாள் விடியலில் அது வீறிட்டபோது அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். கண் மேலே செருகியது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. படுக்கை நனைந்தது. இதையெல்லாம் பார்த்தவள் குண்டு மட்டும்தான். காப்பாளரைத் தேடவில்லை, மாஸ்டரைக் கூப்பிடவில்லை. அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு, டாக்டர் கேட்டால் காட்டலாம் என்று கதவில் இருந்த தாளையும் கிழித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அனுமதி இல்லாமல் ஏன் கூட்டிப்போனாய் என்று பிறகு காப்பாளர் கேட்டாராம். "என் கை குண்டு தூக்க மட்டும்தான்னு நினைச்சீங்களா?" என்றாளாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா நன்றாக உட்கார்ந்து, பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். இதய டாக்டர் இளம்பெண். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தார். புதிதாக எடுத்த தாளையும் கதவிலிருந்து வந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கதவுத் தாளைக் கையில் எடுத்தார்.

"இதை யார் பார்த்தது?"

"எங்க சங்கத்து டாக்டர்" என்றாள் அக்கா.

"பார்த்துட்டு?"

"தகுதின்னு சொன்னாரு."

"இந்த நட்சத்திரத்தை அவரா போட்டாரு?"

"அது நான்."

டாக்டர் சிரிக்கவில்லை. கோட்டைக் காட்டி விளக்கினார். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தில் மின்சாரம் பாய்கிறது. பாய்ந்து முடித்ததும் அடுத்த துடிப்புக்கு அது மறுபடி தன்னைத் தயார் செய்துகொள்ளவேண்டும். அக்காவின் இதயத்தில் அந்த இடைவெளி தேவைக்கு மேல் நீளம். நீண்ட அந்த இடைவெளியில் திடுக்கென்று ஒரு சத்தம் கேட்டால், தாளம் கெட்டு, இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். தானாகத் தாளத்துக்குத் திரும்பினால் அதற்குப் பெயர் மயக்கம்.

"திரும்பலைன்னா?" என்றேன்.

"உயிர் போயிடும்" என்றார்.

"எங்க விடுதியில எல்லாருக்கும்தான் அப்நார்மல்" என்றாள் அக்கா.

"மத்தவங்களோடதை நான் பார்க்கல. உங்களோடது பயிற்சியால வந்தது இல்ல, பிறப்புல வந்தது. வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"மாத்திரை ஆரம்பிப்போம். கொஞ்ச காலம் போகட்டும், ஓட்டத்தைப் பத்தி அப்புறம் உட்கார்ந்து பேசலாம். வாழ்க்கை முழுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா இந்தத் தேர்வு ஓட்டம் கூடாது."

"டாக்டர், நீங்க என்னிக்காவது ஓடியிருக்கீங்களா?"

"பஸ்ஸுக்கு."

"கிடைச்சுதா?"

"சில நாள்" என்றார் டாக்டர். "அப்பா, அம்மா, தம்பி, மூணு பேரும் வந்து ஈசிஜி எடுக்கணும்."

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். எங்கள் மூவரையும் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. அப்பாவின் தாளில் அதே நீளம். ஒரு நாள்கூட மயங்கி விழாத மனிதர், சாரத்தில் நின்று சுவர் எழுப்பிய மனிதர், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் போட்டுக்கொண்டு நின்றார்.

"என் தங்கச்சிக்கு இருந்தது இதுதானாம்மா?" என்று டாக்டரைக் கேட்டார்.

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்ததும், இளவயதில் இறந்ததும் எங்களுக்குத் தெரியும். காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா அன்றைக்கு, மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்துதான், குட்டை உடைத்தார்.

"பாத்திரம் கீழ விழுந்தாக்கூட மயங்கிடுவா. வலிப்புன்னு சொல்லி மருந்து குடுத்தாங்க. குழந்தை பொறந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. அசந்து தூங்கிட்டிருந்தா. குழந்தை வீல்னு கத்துச்சு. எழுந்து உட்கார்ந்தவ அப்படியே சாஞ்சுட்டா."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றாள் அக்கா.

"வலிப்புன்னு வெளிய சொன்னா உன்னைக் கட்டிக்க எவன் வருவான்?"

"கட்டிக்க எவன் வருவான்." அக்கா அவர் சொன்னதையே திரும்பச் சொன்னாள். "வராத மாப்பிள்ளைக்குப் பயந்து, இருக்கற பொண்ணுகிட்ட மறைச்சிருக்கீங்க. நல்லா இருக்குப்பா. ரொம்ப நல்லா இருக்கு."

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்றாள் அம்மா.

"பெரியவங்க பேசாமலே இருந்தாங்கல்ல, அதான் நான் பேசறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்கு இல்லையா?"

"இல்லக்கா."

"சரி" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சரியில் இருந்ததை இத்தனை வருடமாக நான் எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை.

அவள் மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டாள், வாயில் போட்டாளா என்று தெரியாது. ஓடுவது என்று முடிவு செய்துவிட்டாள். மாஸ்டருக்கு உள்ளுக்குள் உதறல். ஆனாலும் ஆசை விடவில்லை. "துப்பாக்கிச் சத்தம்தானே பிரச்சினை? காதுல பஞ்சு வெச்சுக்கோ. எதிர்ல நின்னு நான் கொடி ஆட்டறேன், அதைப் பார்த்துக் கிளம்பு" என்றார். ஒரு மனிதர் இதைச் சிரிக்காமல் சொன்னார் என்பதையும், என் அக்கா இதைச் சிரிக்காமல் கேட்டாள் என்பதையும் நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மருத்துவமனை விஷயம் சங்கத்துச் செயலாளர் காதுக்குப் போயிருந்தது. கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பெரிய மனிதர்களோடு அவர் நிற்கும் படங்கள், சுவர் நிறையக் கோப்பைகள். எதையும் அவர் ஓடி வாங்கவில்லை. உட்காரச் சொன்னார்.

"என்னம்மா, அரசாங்க ஆஸ்பத்திரியில ஏதோ சொல்லிட்டாங்களாமே? நம்ம டாக்டர் எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா? அவரே உனக்குத் தகுதின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. நீ தாராளமா ஓடு."

அக்காவின் முகம் மலர்ந்தது. அவள் கேட்க நினைத்தது அதைத்தான்.

"ஒரு சின்ன வேலை" என்று ஒரு தாளை நகர்த்தினார். "இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுடு."

என் சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன், எனக்கு ஏதேனும் நேர்ந்தால் சங்கத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அழகாக அச்சடித்திருந்தது. அக்கா பேனாவை எடுத்தாள். தாளில் வைக்கவும் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே உங்க டாக்டர் சொன்னாரு?"

"ஆமா."

"ஒண்ணும் இல்லாதவளுக்கு என்ன நேரும்?"

"சும்மாம்மா, ஒரு சம்பிரதாயத்துக்கு."

"எல்லாப் பொண்ணுங்களும் போடறாங்களா?"

செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நீ மட்டும்தான்."

அக்கா பேனாவை மூடினாள். "அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். அவள் கத்தாமல் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. "நான் செத்துப்போவேன்னு டாக்டரம்மா சொன்னப்ப நான் நம்பல. இப்ப நம்பறேன். நான் செத்தா யாரைக் கேப்பாங்கன்னு நீங்க கவலைப்படறீங்க பாருங்க, அதைப் பார்த்து நம்பறேன்."

"வார்த்தையை அளந்து பேசு. உன்னை வளர்த்துவிட்டதே இந்தச் சங்கம்தான்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, பீரோ உச்சியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தூசியோடு ஒரு கட்டு. பச்சை ஷூ நாடா.

"அது எங்க விடுதிக் கட்டு. டாக்டர் பார்த்தாச்சுன்னீங்களே, பிரிக்காம எப்படிப் பார்த்தாரு?"

"பிரிச்சுப் பார்த்துட்டுத் திரும்பக் கட்டியிருப்பாங்க."

"அது குண்டு போட்ட முடிச்சு. அவ முடிச்சு போட்டா கத்திரிக்கோலாலதான் வெட்டணும். பல்லால கடிச்சு இறுக்குவா."

செயலாளர் கடைசியில் ஒப்புக்கொண்டார். பெரிய மருத்துவர் கட்டின் மேல் தாளைப் பார்த்து மொத்தத்துக்கும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தார். ஓட்டக்காரர்கள் என்றாலே தாளில் அப்படித்தான் வரும், எதற்குப் பிரித்து நேரத்தை வீணாக்க? மாஸ்டர் மைதானத்தில் சிரித்துக்கொண்டு சொன்னதையே அவர் சிரிக்காமல் கையெழுத்தாகப் போட்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். கோடுகளைப் படிக்கப் படித்தவர், படிக்கவில்லை. ஏட்டுப்படிப்பு எங்கள் குடும்பத்துக்கு என்னோடு வந்தது. அதை நான் சாமி மாதிரிக் கும்பிடுகிறவன். அந்த ஆளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அலுவலகத்துக்கு வெளியே வந்ததும் அக்கா செருப்பைக் கழற்றினாள். "அக்கா, ஓடாதே" என்று கத்தினேன். அவள் நின்றாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கோபத்தில் அவள் நடந்து நான் அதுவரை பார்த்ததில்லை. நடக்கத் தெரியாதவள் மாதிரி நடந்தாள்.

விடுதிக்குப் போனதும் நடைவழியின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு கதவாக, ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி உரித்தாள். சத்தம் கேட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள்.

"ஏய் சுள்ளி, பைத்தியமா உனக்கு? அது என்னோடது."

"டாக்டர் பார்த்துட்டுத் தருவாங்க."

"பார்த்தாச்சுன்னுதான் சொல்லிட்டாங்களே."

"யாரும் பார்க்கல. கட்டையே பிரிக்கல."

எதிர் அறைக்காரி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் அக்காவுக்கு அடுத்தபடியாக வருகிறவள். "உன்னால ஓட முடியலைன்னா நாங்களும் ஓடக்கூடாதா? என் பேருக்கும் ஏதாவது கோளாறு சொல்லி என் வேலையையும் கெடுக்கப் பார்க்கறியா?"

அக்காவின் கை ஓங்கியது. அடித்திருப்பாள். அதற்குள் நடைவழியை அடைத்துக்கொண்டு குண்டு வந்தாள். "குடுடி" என்றாள், அவ்வளவுதான். எதிர் அறைக்காரி அழுதுகொண்டே தன் தாளைத் தானே உரித்துக் கொடுத்தாள்.

அந்தப் பொட்டலத்தை இதய டாக்டரின் மேசையில் வைத்தோம். நோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "எல்லாத்தையுமா?" என்றார். அக்கா தலையாட்டினாள். வரிசை முடிந்த பிறகு, சாப்பிடப் போகாமல், ஒவ்வொன்றாக எடுத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நகத்துக்கடியில் பசை.

கடைசித் தாளைக் கவிழ்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "எல்லாருக்கும் நல்லா இருக்கு. இது ஓடி ஓடி வந்த மாற்றம், ஆபத்தில்ல. உங்க மாஸ்டர் சொன்னது இவங்க விஷயத்துல சரிதான்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கும்போது அக்கா கைப்பிடிக் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தாள். கம்பி அதிர்ந்தது.

"ஒருத்திக்காவது இருந்திருக்கக்கூடாதாடா?"

நான் அவள் கையைப் பிடித்துக் கம்பியிலிருந்து விலக்கினேன்.

"நான் அப்படி நினைக்கல" என்றாள்.

இன்னும் இரண்டு படி இறங்கினாள். "நினைச்சேன்" என்றாள்.

தேர்வு ஓட்டத்தன்று அவள் மைதானத்துக்கு வந்தாள். கேலரியின் உச்சிப் படியில், காதில் பஞ்சு, அதற்குமேல் இரண்டு உள்ளங்கை. துப்பாக்கி வெடித்தது, புகை மட்டும் அவளுக்குத் தெரிந்தது. எதிர் அறைக்காரி இரண்டாவதாக வந்தாள். வேலை கிடைத்தது, இன்றைக்கும் அந்த வேலையில்தான் இருக்கிறாள். அக்காவின் நேரத்தோடு ஒப்பிட்டால் அன்றைக்கு முதலில் வந்தவள்கூட வெகுதூரம் பின்னால். மாஸ்டர் ஒரு தடவைகூட கேலரிப் பக்கம் தலையைத் தூக்கவில்லை.

அதோடு விடுதி அவளைக் கைகழுவியது. ஓடாதவளுக்குக் கட்டில் எதற்கு? நல்லதொரு பிரிவுபசாரம்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு மைதானத்துக்கு எதிரே உள்ள விளையாட்டுப் பொருள் கடையில் வேலை கிடைத்தது. ஷூ விற்கிறாள். ஒருவன் நடந்து வருவதைப் பார்த்தே எந்த ஷூ வேண்டும் என்று சொல்வாள், அவன் வேறு கேட்டால் திட்டுவாள். திட்டு வாங்கியும் ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டில் அலாரம் கிடையாது, அழைப்பு மணி கிடையாது, எல்லோருடைய போனும் ஊமை. அவளும் அப்பாவும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து மாத்திரை போடுகிறார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் நம்புவதில்லை. வாயைத் திறந்து காட்டச்சொல்லிச் சண்டை. அத்தை விட்டுப்போன குழந்தை வளர்ந்து எங்கோ தச்சு வேலை செய்துகொண்டிருந்தான். அக்காவே தேடிப்போய் அவனைப் பிடித்து இழுத்து வந்து ஈசிஜி எடுக்கவைத்தாள். அவனுக்கு இல்லை.

ஓட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று டாக்டர் சொன்னாரே, பேசினார்கள். மாத்திரையோடு மெதுவாக, கூட ஆள் வைத்துக்கொண்டு ஓடிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் அவரே சொன்னார். சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டால் ஓடலாம் என்றவர்கள், டாக்டரே துணைக்கு நின்றபோது கூடாது என்றார்கள்.

சங்கத்துக்கு மனு எழுத என்னைக் கேட்டாள். தாளை ஒரு மருத்துவர் நேரில் வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் முகாம் முடியவேண்டும், இதுதான் கோரிக்கை. நான் என் படிப்பையெல்லாம் கொட்டி எழுதினேன். படித்துப் பார்த்துக் கிழித்துப்போட்டாள்.

"இவ்வளவு பணிவா எழுதினா எவன்டா படிப்பான்?"

அவளே எழுதினாள். எழுத்துப்பிழை வரிக்கு ஒன்று. ஆனால் பச்சை நாடாவைப் பற்றி எழுதியிருந்தாள், அதன் நகலைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போவதாக எழுதியிருந்தாள். செயலாளர் மாறவில்லை, வழக்கம் மாறியது. இப்போது முகாமுக்கு இதய டாக்டர் ஒருவர் நேரில் வருகிறார். அக்காவை யாரும் அழைப்பதில்லை. அவளாகவே கடையைப் பூட்டிவிட்டுப் போய், இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். வெளிவருகிற தாள்களை எல்லாம் மடியில் வாங்கிக்கொள்கிறாள். நீ யார் என்று கேட்க இதுவரை ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

போன முகாமுக்கு நானும் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மூக்கு நுனிவரை சிரிப்பு, திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எனக்கு அப்நார்மல். கதவுல ஒட்டலாமா?"

"குடு."

"எல்லாரும் ஒட்டறாங்கக்கா."

"டாக்டர் பார்க்கட்டும். அதுவரைக்கும் வாயை மூடிட்டு உட்காரு."

அந்தப் பெண் உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் வந்தார், அளவுகோலை வைத்துப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அக்கா இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறை நன்றாக இருக்கிறது என்றார். அக்கா தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"போ, ஒட்டு. நடுவுல ஒட்டு, ஓரத்துல ஒட்டினா கிழிஞ்சுடும்."

அந்தப் பெண் துள்ளிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடுவதையே அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். டீ வாங்கிக்கொண்டு நான் தேடிப் போனபோது கூடத்து வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. மைதானத்தின் கடைசித் தடத்தில், வெறுங்காலோடு, கையை வீசி வீசி, யாரையோ துரத்துகிறவள் போல நடந்துகொண்டிருந்தாள். ஒரு சுற்று முடிந்தது, நிற்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். "இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

எண்ணூறு மீட்டருக்கு இரண்டு சுற்று.